ஓமத்தண்ணியும் விடியற்காலை நெஞ்சுவலியும்

விடியற்காலை அஞ்சு இருபதுக்கு ஊரிலிருந்து வருகிற போன் நல்ல சேதியாக இருக்காது. டெல்லியில் இத்தனை வருஷமாக ஆணி புடுங்கிக்கொண்டிருக்கும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். போன மார்கழியில் மன்னார்குடியிலிருந்து சித்தி கூப்பிட்டபோது ரஜாயை விட்டு வெளியே வராமலேதான் பேசினேன்.

"சித்தப்பாவுக்கு நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்காம்பா. வேர்க்குது. வாயுன்னு சொல்றாரு."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாரு?"

"பரோட்டா வாங்கிட்டு வந்தாருப்பா. வேண்டாம்னா கேட்டாத்தானே?"

"அப்ப வாயுதான். ஓமத்தண்ணி வெச்சுக் குடுங்க சித்தி, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

இதைச் சொன்னது நான். படித்தவன், ஊரில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் யோசனை கேட்கும் 'டெல்லிக்காரன்'. சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிப் போனேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓமத்தண்ணி குடித்தார், ஏப்பம் வந்தது, 'பாத்தியா, வாயுதான்' என்றார். அப்புறம் சீரகத்தண்ணி, அதற்கப்புறம் கோலி சோடா. நெஞ்சில் தைலம் வேறு. எட்டே முக்காலுக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிட்டத்தட்ட மூணரை மணி நேரம் போயிருந்தது. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பகுதியில் எவ்வளவு என் ஓமத்தண்ணிக்குச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

இந்தக் கதையை எழுதக் காரணம் இருக்கு. சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரமே எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வைத்தியங்கள் வரிசை கட்டி நின்றன. காலையில் வரும் மாரடைப்பைத் தடுக்க இது, அடைப்பைக் கரைக்க அது. அத்தனையும் இயற்கை. அத்தனையும் பக்கவிளைவு இல்லாதது.

காலையில் மாரடைப்பு அதிகம் என்பது மட்டும் கட்டுக்கதை இல்லை. 1985இல் ஜேம்ஸ் முல்லர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ராத்திரி 11 மணியோடு ஒப்பிட்டால் காலை 9 மணிக்கு மாரடைப்பு தொடங்குவது மூணு மடங்கு என்று தெரிந்தது. பிறகு 1997இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், காலை 6 முதல் மதியம் 12 வரை மற்ற நேரத்தை விடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என்றார்கள். காரணமும் ஓரளவு தெரியும். விழிக்கும்போது கார்ட்டிசால், அட்ரினலின் வகையறா எல்லாம் ஏறுகின்றன. ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் கூடவே ஏறும். எழுந்து நின்றதும் ரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமும் கூடுகிறது. கட்டியைக் கரைக்கும் உடம்பின் சொந்த ஏற்பாடு அந்த நேரத்தில் கொஞ்சம் மந்தம். ஏற்கெனவே ரத்தக்குழாயின் சுவரில் கொழுப்புப் படிவு இருப்பவருக்கு அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழி அடைபட, இது தோதான வேளை.

இனி வைத்தியங்களுக்கு வருவோம்.

முதலாவது, படுக்கப்போகுமுன் ஒரு டம்ளர் தண்ணி குடித்தால் மாரடைப்பு வராது. இமெயில் காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி இது, எப்போதும் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெயரோடு. தாகத்துக்குத் தண்ணி குடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று யாரும் காட்டவில்லை. அதற்குப் பதில், எழுபது வயசுக்காரர் ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டில் பாத்ரூம் போய் வழுக்கி விழுவதுதான் நடக்கும். இதயம் பலவீனமாகி, தண்ணியை அளந்து குடி என்று டாக்டர் சொல்லியிருப்பவருக்கு இது இன்னும் வம்பு.

ரெண்டாவது, பூண்டுச்சாறு, இஞ்சிச்சாறு, எலுமிச்சைச்சாறு, ஆப்பிள் சிடார் வினிகர் கலந்து காய்ச்சித் தேன் விட்டு வைத்துக்கொள்ளும் சரக்கு. அடைப்பு கரைந்து ஓடிவிடுமாம். பூண்டு நல்ல பொருள்தான், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அடைப்பு என்பது குழாய்க்குள் தேங்கிய சாக்கடைக் குப்பை இல்லை, அமிலம் ஊற்றிக் கழுவ. அது சுவருக்குள்ளேயே வளர்ந்திருப்பது. நீங்கள் குடிக்கும் வினிகர் வயிற்றோடு சரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் பூண்டை மருந்து அளவுக்கு விழுங்கினால் ரத்தக்கசிவு பயமும் சேர்ந்துகொள்ளும். சித்தப்பா இந்தக் கஷாயத்தை ஆறு மாசமாகக் குடித்துவந்தார் என்பதும், அதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பதும் தஞ்சாவூரில் டாக்டர் குடைந்து கேட்டபோதுதான் சித்திக்கே தெரிந்தது!

அடுத்து மருதம்பட்டை. அதை மட்டும் மொக்கை என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனசு வராது. ஆயுர்வேதத்தில் இதயத்துக்கென்றே பேர் போனது, நெஞ்சுவலிக்காரர்களிடம் கொஞ்சம் பலன் தெரிந்ததாகச் சின்ன ஆய்வுகளும் உண்டு. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வு எதுவும் காட்டவில்லை. சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையையும் நிறுத்தாமல் சாப்பிட்டால் எனக்குச் சண்டை இல்லை.

மூலிகை என்றாலே ஏளனம் செய்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாயில் ருஸ்தம் ஜால் வகீல் என்ற இதய மருத்துவர் அதை ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, என்ன ஆகிறது என்று ஒழுங்காகக் குறித்து, 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்தக்கொதிப்புக்கென்று வந்த ஆரம்பகால மாத்திரைகளில் அது முக்கியமானது. நம் மண்ணின் வேர், நம் டாக்டர், நல்ல விஷயம். ஆனால் அதே மருந்து அளவு கூடினால் ஆளை மந்தமாக்கியது, சிலரை மனச்சோர்வில் தள்ளியது. உடம்பில் நிஜமாக வேலை செய்கிற பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கும். வகீல் அளந்து பார்த்தார், வாட்ஸப்பில் அளப்பது வேறு மாதிரி.

இன்னொன்று டெல்லிக்கே உரியது. டிசம்பர், ஜனவரியில் அஞ்சு மணிக்கு மங்கி கேப்போடு வாக்கிங் போகும் பெரியவர்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு மாமா இருக்கிறார். ரிட்டயர் ஆன பிறகும் பனிமூட்டத்தில் பத்து சுற்று, அப்புறம் பச்சைத்தண்ணிக் குளியல், அப்புறம் மலை மந்திர். 'பிரம்ம முகூர்த்தக் காத்து தம்பி, அதுல ஆக்ஸிஜன் ஜாஸ்தி' என்பார். குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். அந்த நேரத்தில் புகையும் தூசும் மேலே போக வழியில்லாமல் தரையோடு படுத்திருக்கும், அந்தப் பொடித்தூசு மாரடைப்பைத் தூண்டும் என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. நடப்பது இதயத்துக்கு அருமருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் டெல்லி ஜனவரியில் வெயில் வந்தபிறகு நடங்கள் மாமா என்று சொன்னால், 'நீ சின்னப் பையன்' என்று சிரிக்கிறார் (எனக்கு நாற்பத்தாறு).

இயற்கையான வழிகள் என்னிடமும் உண்டு, என்ன, யாரும் பார்வேர்டு பண்ண மாட்டார்கள். பீடி, சிகரெட், புகையிலையை விடுவது. தினமும் ஒழுங்காகத் தூங்குவது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவரைச் சோதனைக்கு அனுப்புவது. மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு இதயத்தால் வரும் திடீர் மரணம் நடுராத்திரிக்கும் காலை 6 மணிக்கும் இடையில்தான் அதிகம் என்று 2005இலேயே ஓர் ஆய்வு சொன்னது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. அப்பளம், வத்தல், ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மாத்திரையை எப்போது போடுவது என்று ஒரு சர்ச்சை. ராத்திரி போட்டால்தான் காலை அட்டாக் வராது என்று ஒரு செய்தி ஓடியது. 2022இல் பிரிட்டனில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வில் காலையில் போட்டவர்களுக்கும் ராத்திரி போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரத்தில் போட்டால் போதும்.

என் சண்டை பூண்டோடும் ஓமத்தோடும் இல்லை. நெஞ்சடைப்பும் வேர்வையும் வந்த பிறகு கஷாயம் கொதிக்கிற நேரம் இருக்கிறதே, அதோடுதான். இதயத்தின் வலி மேல்வயிறு, தாடை, முதுகு, இடது கை என்று எங்கேயும் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் சமயத்தில் வலியே சரியாகத் தெரியாது, வெறும் அசதியும் குமட்டலும்தான். சித்தப்பாவுக்குப் பதினைந்து வருஷச் சர்க்கரை. ஏப்பம் வந்தால் வாயு என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் 108, டெல்லி உட்பட மற்ற இடங்களில் 112. வாயுவா இல்லையா என்பதை ஈசிஜி பார்த்துச் சொல்லட்டும். வாயுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் வரும் வழியில் காபி குடித்துவிட்டு வரலாம்.

சித்தப்பாவிடம் நான் இன்னும் நேரடியாக மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தடவை ஆரம்பித்தேன். "விடுடா, நீ சொல்லலேன்னாலும் நான் அதைத்தான் குடிச்சிருப்பேன்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம் காலை ஆறு மணிக்குத் திரும்பவும் போன். எடுப்பதற்குள் எனக்கே படபடத்துவிட்டது. சித்தப்பாதான். "மாத்திரை போட்டாச்சுடா. நீ உன் பிரஷரைப் பாத்தியா?" பார்க்கவில்லை. அன்றைக்கே பார்த்தேன், 148க்கு 96. ஆவக்காய் ஜாடியைத் தங்கமணி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார்.