கரை தனியாருக்கு, ஆபத்து ஊருக்கா?
பண்ணைக் குட்டை உடைந்தால் பதில் சொல்வது யார்?

அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலம், ஆன்ஸ்லோ மாவட்டம். 1995 ஜூன் 21-ந்தேதி. கனமழை கொட்டித் தீர்த்த நேரம். தனியார் பன்றிப் பண்ணை ஒன்றின் கழிவுக் குட்டைக் கரை பிளந்துகொண்டது!

8 ஏக்கர் குட்டை அது. சாணமும் மூத்திரமும் கலந்த 2½ கோடி காலன் கழிவு குபுகுபுவென்று வெளியே பாய்ந்தது. லிட்டர் கணக்கில் 9 கோடிக்கும் மேல். ரோட்டைத் தாண்டி, அக்கம்பக்கத்து வயல்களை நாசம் செய்து, நியூ ரிவர் ஆற்றில் போய் விழுந்தது. மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன.

"குட்டைதானே, இதுக்குப் போய் அணைப் பாதுகாப்பா?" என்று கேட்கலாம். தரைக்கு மேலே மண் கரை எழுப்பித் தேக்கினால் அதுவும் அணைதான். உடைந்தால் ஓடி வரத்தான் செய்யும்.

3 வகை

அமெரிக்காவில் அணைகளை 3 வகையாகப் பிரிக்கிறார்கள். உடைந்தால் நஷ்டம் பெரும்பாலும் சொந்தக்காரரோடு போய்விடும் என்றால் "குறைந்த ஆபத்து". உயிர் போகாது, ஆனால் ரோடு, ஆறு, அடுத்தவர் சொத்து பாழாகும் என்றால் "நடுத்தர ஆபத்து". ஒரே ஒரு உயிர் போகக்கூடும் என்றாலும் அது "அதிக ஆபத்து".

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். இந்த வகை கரையின் பலத்தைச் சொல்வதே இல்லை. உடைந்தால் யார் தலையில் விழும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. எலி வளை தோண்டி, மரவேர் புகுந்து, அடியில் கசிந்து கொண்டிருக்கும் கரைக்கும் "குறைந்த ஆபத்து" என்ற முத்திரை இருக்கலாம். அதை நம்பித் தூங்கினால் அவ்வளவுதான்!

இன்னொரு சங்கதி. முத்திரை நிரந்தரம் அல்ல. கீழே காலியாகக் கிடந்த நிலத்தில் நாலு வீடு வந்துவிட்டால் வகை உயர வேண்டும். பண்ணைக்காரர் கரையில் ஒரு கூடை மண்கூடப் புதிதாகப் போட்டிருக்க மாட்டார். ஆனாலும் கூடுதல் சோதனை, அவசரகாலத் திட்டம் என்று செலவு அவருக்குத்தான். தானாக முன்வந்து சொல்ல யாருக்கு மனசு வரும்? அதிகாரிகள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்க்காவிட்டால்?

கென்யா நாட்டில் நடந்ததைப் பாருங்கள். நகுரு மாவட்டம் சோலாயில், தனியார் பண்ணை அணை ஒன்று 2018 மே 9-ந்தேதி இரவு உடைந்தது. இது கழிவுக் குட்டை அல்ல; தண்ணீர்த் தேக்கம். கீழே இருந்த குடியிருப்புகளைச் சேறும் தண்ணீரும் வாரிச் சுருட்டின. 40-க்கும் மேற்பட்டோர் பலி. குழந்தைகளும் தப்பவில்லை. அந்தப் பண்ணையின் அணைகளுக்கு அனுமதியே கிடையாது என்று நீர்வள அதிகாரிகள் அப்புறம்தான் சொன்னார்கள். பிணங்களைத் தோண்டி எடுத்த பிறகு!

கரையில் ஈரம் கசிகிறதா, மழைக்கு இடம் விட்டுத் தேக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது பாதி வேலை. கீழே புதிதாக எத்தனை வீடு முளைத்திருக்கிறது என்று வருஷா வருஷம் எண்ணுவது மீதி வேலை.

குட்டையின் லாபம் ஒருவருக்கு. உடைந்தால் சாவு மட்டும் ஊருக்கா?