பெயரற்ற பொம்மைகளா உழைப்பாளிகள்?

வரலாறு படித்தவருக்கு ஆசிரியர் பணியை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை மாறிவருவதாகச் சொல்லப்படுகிறது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நினைவுச் சின்னம், வாய்மொழிப் பதிவு ஆகியவற்றின் வழியே மக்களிடம் வரலாற்றைக் கொண்டுசெல்லும் ‘பொது வரலாறு’ இன்று பட்டமேற்படிப்பாகிவிட்டது. மும்பையில் அருங்காட்சியகவியல் பட்டயம் படித்துக்கொண்டே அருங்காட்சியகத்தில் பயிற்சி பெறும் இளைஞர்களும் பெருகிவருகின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் ‘பொது’வில் உழைக்கும் மக்கள் இருக்கிறார்களா?

இந்தத் துறைக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. 1976-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கெல்லி உள்ளிட்டோர் இப்பெயரில் படிப்பைத் தொடங்கினர். அரசுத் துறைகளிலும் நிறுவனங்களிலும் வரலாற்று மாணவர்களுக்கு வேலை தேடித்தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. அதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே, ஆக்ஸ்ஃபோர்டின் தொழிலாளர் கல்லூரியான ரஸ்கினில் ரஃபேல் சாமுவேல் ‘வரலாற்றுப் பட்டறை’யைத் தொடங்கிவிட்டார். தொழிற்சங்கத்தினர் தங்கள் தொழிலின் வரலாற்றைத் தாங்களே ஆய்ந்து எழுதிய இயக்கம் அது. முதல் மரபு வரலாற்றைச் சேவையாக விற்கக் கற்றுத் தருகிறது. இரண்டாவது மரபு, வரலாறு யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இந்தியக் கல்விச் சந்தை எதைத் தேர்ந்துகொள்ளும் என்பதில் ஐயமில்லை.

<b>கண்ணாடிப் பேழைக்குள் உழைப்பு</b>

பைக்குலாவில் உள்ள டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் 1872-இல் விக்டோரியா – ஆல்பர்ட் பெயரில் திறக்கப்பட்டது. மும்பையின் பஞ்சாலைகள் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பல்வேறு சமூகங்களையும் தொழில்களையும் காட்டும் சிறு களிமண் உருவங்கள் அங்கு புகழ்பெற்றவை. தலைப்பாகையும் தொழிற்கருவியும் நுணுக்கமாக வடிக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த மனிதர்களுக்குப் பெயர் இல்லை. பெற்ற கூலி எவ்வளவு, உழைத்த நேரம் எவ்வளவு என்பதை அந்தக் களிமண் சொல்லாது. காலனியாட்சி உழைப்பாளியை ‘மாதிரி’யாகப் பார்த்தது. அந்தப் பார்வை ஆட்சி மாறியதும் தானாக மறைந்துவிடவில்லை.

1982 ஜனவரி 18-இல் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆலை நிலங்கள் வணிக வளாகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டன. காலாசௌக்கியின் இந்தியா யுனைடெட் ஆலை வளாகத்தில் அறிவிக்கப்பட்ட ஜவுளி அருங்காட்சியகமோ ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அத்தொழிலாளர்களின் குரலைக் காத்தவர்கள் நீரா ஆதர்கரும் மீனா மேனனும். 2004-இல் வெளிவந்த அவர்களது வாய்மொழி வரலாற்று நூல் அரசு செய்யாததைச் செய்தது. பெண்களின் வரலாற்றைப் பதிவு செய்ய ‘ஸ்பாரோ’ காப்பகத்தை 1988-இல் மும்பையில் நிறுவியவர்களில் முதன்மையானவர் தமிழ் எழுத்தாளர் அம்பை. அரசும் முதலாளிகளும் கைவிட்ட இடத்தில் தனிமனிதர்களின் உழைப்பே வரலாற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

<b>மாட்டுங்காவின் இரு பக்கங்கள்</b>

மாட்டுங்கா என்றதும் கிங்ஸ் சர்க்கிளும் ஃபில்டர் காபியும் 1942-இல் தொடங்கிய ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கும் நினைவுக்கு வரும். மரபு நடைப் பயணங்கள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே நிகழ்கின்றன. தண்டவாளத்தின் மறுபக்கம், தாராவியை ஒட்டி, மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, பள்ளிப் படிப்பே இல்லாத அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்த இடம் அது. அங்கேதான் அவர் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு வளர்ந்தார். குடியிருப்பின் கொசுத் தொல்லையையும் ஸ்பெயின் மக்களின் போரையும் ஒருசேரப் பாடினார். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். இந்த வரலாறு மாட்டுங்காவின் ‘மரபு’ ஆகாதா? சிற்றுண்டிக்குக் கிடைக்கும் மரியாதை செங்கொடிக்கு ஏன் இல்லை?

<b>ஆவணம் இல்லையேல் வீடு இல்லை</b>

வீட்டுக்கும் கூலிக்கும் போராடும் மக்களுக்கு அருங்காட்சியகம் எதற்கு என்று சில தோழர்களே கேட்கக்கூடும். விடை தாராவியில் இருக்கிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அதானி குழுமத்திடம் போனது. கூட்டு நிறுவனத்தில் அதன் பங்கு 80 விழுக்காடு. மாநில அரசுக்கு 20. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை ஆவணத்தால் நிறுவுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்களுக்கு தாராவிக்கு வெளியே இடம். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவ்னார் குப்பைக் கிடங்கும் ஒன்று.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்து, சதுப்பு நிலத்தைக் குடியிருப்பாக்கிய தமிழ்க் குடும்பங்களிடம் இன்று ‘சான்று எங்கே’ என்று கேட்கப்படுகிறது. உழைப்பாளியின் வாழ்வை ஒருபோதும் பதிவு செய்யாத அரசு, அந்தப் பதிவு இல்லை என்பதையே வெளியேற்றும் காரணமாக்குகிறது. பழைய ரேஷன் அட்டை, சங்கச் சந்தா ரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகியவை பொது வரலாற்றின் மூலங்கள். அவையே வாழ்வுரிமையின் ஆயுதங்களும்.

<b>செய்ய வேண்டியவை</b>

அருங்காட்சியகப் பணியும் உழைப்பே. ஊதியமில்லாத ‘இன்டர்ன்ஷிப்’ என்பது, பெற்றோர் பணத்தில் மாநகரில் வாழ முடிந்தவர்களுக்கே கதவைத் திறக்கும் ஏற்பாடு. லேபர் கேம்ப்பின் தூய்மைப் பணியாளர் மகள் அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். பயிற்சிக்கு உதவித்தொகை, தலித் – பழங்குடி மாணவர்க்கு உரிய இடங்கள், ஒப்பந்தக் காவலருக்கும் துப்புரவாளருக்கும் நிரந்தரப் பணி ஆகியவை மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கமும் இணைந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள். மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள அருங்காட்சியகங்களில் உழைப்பாளர் வரலாற்றுக்கு நிலையான காட்சியகம் வேண்டும் என்ற கோரிக்கையும் அவற்றோடு சேர வேண்டும்.

அரசு செய்யும் வரை கட்சிக் கிளைகள் காத்திருக்கத் தேவையில்லை. மாட்டுங்கா ரயில்வே பணிமனையின் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், தோல் கூடங்களில் உழைத்த முதியவர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் நினைவுகளை ஒரு கைபேசியைக் கொண்டே பதிவு செய்யலாம். துண்டறிக்கைகளையும் ரசீதுகளையும் படமெடுத்துத் தேதியிட்டுக் காக்கலாம். புல்டோசர் வருவதற்கு முன் இப்பணி முடிந்தாக வேண்டும். பொது வரலாறு பயிலும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை வேறெங்கும் கிடைக்காது.