காலிக் கோட்டையில் நம் கணக்கு எங்கே?

1911-ஆம் ஆண்டு இலங்கையின் காலி நகரில் ஒரு கல் கிடைத்தது. எங்கே தெரியுமா? சாக்கடைப் பாலம் ஒன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது! புரட்டிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி எழுத்துகள். சீனக் கப்பற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீன வாசகம் புத்தருக்கு, தமிழ் வாசகம் தேனவரை நாயனாருக்கு, பாரசீக வாசகம் இஸ்லாத்தைச் சார்ந்தது. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காணிக்கை: பொன் 1000, வெள்ளி 5000.

செங் ஹோ யூனான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். காலியில் பாரசீகம் யாருக்காக? கரையோரத்தில் தொழில் செய்த முஸ்லிம் வணிகர்களுக்காகத்தான். 1344-இல் அங்கே வந்த இப்னு பதூதாவை உபசரித்தவரும் நகுதா இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர்தான். பிறகு வந்தான் போர்த்துக்கீசியன். 1626-இல் தன் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். அடைக்கலம் தந்தவர் கண்டி மன்னர் செனரத்.

1640-இல் காலியைப் பிடித்த டச்சுக்காரன் கோட்டையைப் பெரிதாக்கி, பட்டையும் மிளகும் அடுக்கப் பெரிய பண்டகசாலை கட்டினான். இன்று அந்தக் கட்டடம்தான் கடல்சார் அருங்காட்சியகம். 1992-இல் திறந்தார்கள், 2004 சுனாமியில் சிதைந்தது, 2010-இல் மீண்டும் திறந்தார்கள். 1659-இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற டச்சுக் கம்பெனிக் கப்பலின் கதை அங்கே பிரசித்தம். அந்தக் கப்பல் எப்போது வந்தது, எப்படி மூழ்கியது என்பதெல்லாம் இன்றும் தெரிகிறது. ஏன்? கம்பெனிக்காரன் ஒவ்வொன்றையும் எழுதி, எழுதியதைப் பத்திரப்படுத்தினான்.

நாமும் எழுதாமல் இல்லை! அரபுத் தமிழில் கடிதமும் கணக்கும் எழுதிய சமுதாயம்தானே இது? அந்த ஏடுகள் எங்கே போயின? கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும். "வரலாற்றை மறைத்துவிட்டார்கள்" என்று மேடைதோறும் முழங்குகிறோம். மறைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாப்பாவின் கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டது யார்?

வணிகப் பெருமக்களே! கடையை இடித்துக் கட்டும்போது பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். இளைஞர்களே! அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் தெருவில் இன்னும் இருந்தால், இந்த விடுமுறையிலேயே அந்தப் பெட்டியோடு போய் அவர்கள் முன் உட்காருங்கள்.