நிறுவியோடு நின்றுவிடலாமா?



தமிழ்ப்பள்ளியில் கணினி அறை இருந்தால் போதாது, அங்குள்ள கணினியிலும் தமிழ் இருக்க வேண்டும் என்று பல்லாண்டுகளாகப் பேசி வருகிறோம். அந்தத் தமிழை யார் கொண்டுவந்து வைப்பது என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். நாமே வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால், நான் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது.

சிறுவர்கள் படம் வரைவதற்கான 'டக்ஸ் பெயிண்ட்' மென்பொருளைப் பலர் அறிந்திருப்பீர்கள். 2002-ஆம் ஆண்டு பில் கெண்ட்ரிக் என்பவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. தமிழ் மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. அச்சொற்களில் சிலவற்றை நம் பாடநூல் வழக்குக்கு மாற்றினால் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எளிதாக இருக்குமே என்று எண்ணினேன். மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது; யாரிடமும் இசைவு கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு தனிக் கோப்பில் இருக்கிறது. ஆங்கிலத் தொடர், அதன்கீழ்த் தமிழ்த் தொடர், அவ்வளவுதான். நிரல் எழுதத் தெரியாதவரும் திருத்தலாம். அதன்பின் மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற வேண்டும். இதைத்தான் தொகுத்தல் என்கிறோம். இங்குதான் முதலில் இடறினேன். எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டும் 'பாங்கோ' நூலகத்தைச் சேர்க்காமல் தொகுத்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் திரையில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது! ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அடுத்து கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது அந்த நூலகத்தின் வேலை. தமிழ் அறியாத நிரலாளர் கண்ணுக்கு இப்பிழை எளிதில் புலப்படாது. நம் கண்ணுக்கு உடனே புலப்படும். தமிழாசிரியர்கள் இப்பணியில் இறங்க வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிழையைத் திருத்திவிட்டு, 'இன்னோ செட்டப்' என்னும் கருவியால் விண்டோசுக்கான நிறுவி ஒன்றை உருவாக்கினேன். வீட்டுக் கணினியில் அழகாக ஓடியது; பள்ளிக் கணினியில் திறக்கவே இல்லை. துணை நூலகக் கோப்பு ஒன்று என் கணினியில் முன்பே இருந்ததால், அதை நிறுவிக்குள் வைக்க மறந்திருந்தேன். புதிய கணினியில் சோதித்துப் பாராத நிறுவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். குறையைச் சரிசெய்து, விரலியில் ஏற்றி நண்பர்கள் இருவரின் பள்ளிகளுக்கும் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

பின்னர் என் வீட்டுக் கணினியின் வன்தட்டு பழுதானது. திருத்திய கோப்புகள் அதனோடு போயின. மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் பள்ளிகளில் அதை நிறுவினார்கள். என் சொற்கள் திரையிலிருந்தும் மறைந்தன. பல வாரங்களின் உழைப்பு!

தவறு யாருடையது? என்னுடையதுதான். அம்மென்பொருளுக்குரிய குனூ பொது உரிமம், தொகுத்த வடிவத்தைப் பிறருக்குக் கொடுப்பவர் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் அல்லது குறைந்தது மூன்றாண்டுகள் செல்லத்தக்க எழுத்துறுதி அளிக்க வேண்டும் என்கிறது. சிறிய பள்ளிக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் இருந்துவிட்டேன். உரிமத்தை மதித்து, திருத்திய மூலநிரலையும் அதே விரலியில் வைத்திருந்தால் இரண்டு பள்ளிகளில் அது பிழைத்திருக்கும். திருத்தத்தை மூலத் திட்டத்தினருக்கே அனுப்பி, அவர்கள் ஏற்றிருந்தால், அடுத்தடுத்த பதிப்புகளிலும் அது தொடர்ந்து வந்திருக்கும். நிறுவி என்பது விளைச்சல். மூலநிரலே விதைநெல். விளைந்ததையெல்லாம் உண்டுவிட்டு அடுத்த பருவத்துக்கு வெறுங்கையோடு நின்றேன்.

ஆசிரியர்களுக்கு இருக்கும் பணிச்சுமையில் இது இயலுமா என்று கேட்பீர்கள். எல்லாரும் தொகுக்கக் கற்க வேண்டியதில்லை. சொற்களை ஆசிரியர்கள் பார்க்கட்டும். கணினித் துறையில் பணிபுரியும் பெற்றோர் ஒருவர் தொகுத்து நிறுவியாக்கட்டும். திருத்திய கோப்பு மூலத் திட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இருவரும் உறுதி செய்யட்டும்.

நாம் இடமாற்றலாகிப் போவோம். பணி ஓய்வும் பெறுவோம். நாம் திருத்திய தமிழ், நமக்குப் பின்னும் அந்தக் கணினி அறையில் இருக்க வேண்டாமா? எண்ணிப் பார்ப்போம்.