தீர விசாரிப்பதும் கடமையே

மதீனத்துக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டதென்று வணிகர் கூறினார். அப்படியாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் அவர்கள், வஞ்சிப்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இது விற்பவனுக்கு உரைக்கப்பட்ட எச்சரிக்கை. எனினும் வாங்குபவனுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மேற்புறத்தை மட்டும் கண்டு நம்பிவிடாது, கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அது.

மின்னஞ்சலும் கைப்பேசியும் இந்நாளின் கடைவீதியாகிவிட்டன. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் உள்ள கண்டாச்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். இத்தகைய ஊர்களில் மணிலா விற்ற பணமும், வளைகுடா நாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணமும், ஹஜ்ஜுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் இன்று பெட்டிக்குள் இல்லை. கைப்பேசியோடு இணைந்த வங்கிக் கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் கவரவே பொய்க் கடிதங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் இணையவழி மோசடிகளால் இந்திய மக்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய்; 2024இல் அது 22,845 கோடியாக உயர்ந்தது. 2025 ஜூலையில் அரசே மக்களவையில் தந்த கணக்கு இது. ஓராண்டில் மூன்று மடங்கு!

இக்கடிதங்களின் வேடங்கள் பல. அவை ஏவும் கருவிகளோ ஆசை, அச்சம், அவசரம் என்னும் மூன்றே. ரிசர்வ் வங்கியில் உங்கள் பெயரில் பெருந்தொகை காத்திருக்கிறது என்று ஒரு கடிதம் வரும். தனிமனிதர் எவருக்கும் தன்னிடம் கணக்கு இல்லை என்று அவ்வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. குறைந்த செலவில் ஹஜ் பயணம் என்று மற்றொன்று அழைக்கும். இத்தகைய போலி விளம்பரங்களைக் குறித்து 2024இல் சவூதி ஹஜ், உம்ரா அமைச்சகம் எச்சரிக்க நேர்ந்தது. புனிதக் கடமையையும் தூண்டிலாக்க வஞ்சகர் தயங்குவதில்லை. இந்திய ஹஜ் குழுவையோ, நடுவணரசின் பதிவு பெற்ற நிறுவனத்தையோ அன்றி வேறெவரிடமும் பயணத்துக்குப் பணம் செலுத்தலாகாது.

அச்சத்தை ஏவுவோர் காவலர் உடையில் காணொளியில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவர். வீட்டாரிடம் கூடப் பேசாதே என்று கட்டளையிடுவர். காணொளி மூலம் கைது செய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரும் இதனை எடுத்துரைத்தார்.

கையை உள்ளே விட்டுப் பார்ப்பது எவ்வாறு? அனுப்பியவர் பெயரை மட்டும் பாராமல், அதற்குப் பின்னுள்ள முழு முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓரெழுத்து மாறியிருப்பினும் அது வேறொருவர் முகவரியே. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாது, வங்கியின் தளத்தை நீங்களே தேடிச் செல்லுங்கள். வங்கித் தளங்களின் முகவரி 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இதுவும் நல்லதோர் அடையாளம். ஓடிபி எண்ணை எந்த வங்கியும் கேட்பதில்லை. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது என்றே பொருள். அபராத ரசீது, திருமண அழைப்பு என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறக்கலாகாது.

இனி, கடிதம் எழுதும் கைகளையும் சிறிது நோக்குவோம். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர் சிலர், 2022இல் எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் சிறைவைக்கப்பட்டனர். பிறரை இணையவழியில் ஏமாற்றுவதே அங்கே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. மீட்கப்பட்ட 13 பேர் அவ்வாண்டு அக்டோபர் முதல் வாரத்தில் சென்னை வந்திறங்கியபோது, அந்நாளில் அயலகத் தமிழர் நல அமைச்சராக இருந்த, நம் மாவட்டத்துச் செஞ்சி மஸ்தான் அவர்களை வரவேற்றார். 2025 மார்ச்சில் மேலும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட இந்தியர் விமானப்படை விமானங்களில் மீட்டுவரப்பட்டனர். வேலை தருவதாக வந்த செய்தியை விசாரியாததால் அவர்கள் சிக்கினர்; அவர்களைக் கொண்டு அனுப்பப்பட்ட செய்தியை விசாரியாதவர் பணம் இழந்தனர். ஒரே பொய்க்கு இருபுறமும் இரை! அயல்நாட்டு வேலைக்குச் செல்வோர், முகவர் உரிமம் பெற்றவரா என்பதை நடுவணரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்தறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

வேறொரு தீங்கு நம் இளைஞரை ஊருக்குள்ளேயே தேடி வருகிறது. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, தரகு தருகிறேன்" என்பார்கள். அக்கணக்கின் வழியே செல்வது யாரோ ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பாக இருக்கலாம். காவல்துறை முதலில் தேடி வருவதும் கணக்குக்கு உரியவரைத்தான். அறியாமல் செய்தேன் என்பது அங்கே எளிதில் எடுபடாது. வந்த செய்தியைத் தீர விசாரித்துத் தெளிய வேண்டும், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தலாகாது என்று திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் போதிப்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் ஏமாந்துவிடலாம். அப்போது அவர் செய்யும் பெரும்பிழை, வெட்கி மறைத்தல். ஊரார் நகைப்பரே, பிள்ளைகள் கடிவரே என்று அவர் வாளாவிருக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், போகும் வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் மாவட்ட இணையக் குற்றக் காவல் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வஞ்சித்தவனுக்கே உரிய வெட்கத்தை வஞ்சிக்கப்பட்டவர் சுமப்பது நீதியன்று. ஆகவே, நம் வீட்டுப் பெரியவர் தயங்கித் தயங்கி வந்து, "ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்று சொல்வாராயின், அவரை ஏசாதீர்கள். முதலில் தொலைபேசியை எடுங்கள்.