உண்டியலும் மனச்சாட்சியும்

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒழிந்தது கட்டணமேயன்றிப் பாடசாலையின் தேவைகள் அல்ல. கூரை ஒழுகுகிறது, தளபாடம் உடைகிறது, நூலகம் நூலின்றிக் கிடக்கிறது. எனவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் சீட்டுப் புத்தகம் அச்சிடுகின்றன. களியாட்ட விழா நடத்துகின்றன. நாட்காட்டியும் வாழ்த்து அட்டையும் விற்கின்றன. விற்கப்படும் பொருளில் பிறையோ சிலுவையோ ஓங்காரமோ தருமச்சக்கரமோ இடம்பெறும்போது, பெற்றோர் ஒருவர் அதிபரின் வாயிலில் வந்து நிற்கிறார். 'என் பிள்ளை இதனை விற்கத்தான் வேண்டுமா?' என்பது அவரது வினா. அதற்கு வழக்கமாக அளிக்கப்படும் விடைகள் மூன்று. மூன்றும் பிழையானவை.

வினாவின் முழு வடிவத்தையும் காண்பதற்கு, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள ஆலங்குடா போன்ற ஊரை நோக்குதல் தகும். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் கரை அது. அதே குடாநாட்டில், பல சமயத்தவரும் நாடிச் செல்லும் தலவில் புனித அன்னம்மாள் ஆலயம் உள்ளது. தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலும் சிலாபத்தருகே முன்னேசுவரமும் உள்ளன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன. ஏதுமின்றி வந்தவர்களின் பிள்ளைகளோடு வகுப்பறைகளைப் பகிர்ந்த மண்ணில், பிறர் மனச்சாட்சிக்கு இடமளிப்பது புதுப்பாடம் ஆகாது.

சமயப் பொருள் என்றதும் படமும் சின்னமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. குலுக்கற் சீட்டில் எச்சமயச் சின்னமும் இல்லை. அதனை அச்சிட்டவருக்கு அது வெறுந்தாள். சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் விலக்கியிருப்பதை நெஞ்சிற் கொண்ட தந்தைக்கோ அது தம் பிள்ளையின் கையில் திணிக்கப்பட்ட பாவம். ஆகவே, ஒரு பொருள் சமயத்தைத் தொடுகிறதா என்பதை விற்பவர் மட்டும் தீர்மானித்தல் இயலாது.

முதல் விடை, 'பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டனர்' என்பது. பெரும்பான்மை என்பது ஊருக்கு ஊர் மாறும் கணக்கு. ஆலங்குடாவில் பெரும்பான்மையினராயிருப்போர் பேருந்தில் ஏறிச் சிலாபத்தில் இறங்கினால் சிறுபான்மையினர். அங்கே தம் பிள்ளைக்கு எந்த நியாயத்தை வேண்டுகின்றனரோ அதே நியாயத்தை இங்கே பிறர் பிள்ளைக்கு வழங்குதல் அவர்தம் கடன். ஏனைய சமூகத்தார்க்கும் இவ்விதி பொருந்தும். மனச்சாட்சியைக் கைதூக்கி எண்ணுதல் நீதியன்று.

இரண்டாம் விடை, 'கட்டாயமில்லையே' என்பது. இவ்விடை காகிதத்தில் மட்டும் உண்மை. சீட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவராத பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படுமானால், அதிகம் விற்றவருக்குக் காலைக் கூட்டத்தில் கைதட்டலும் பரிசும் கிடைக்குமானால், அங்கே விருப்பம் எங்கே இருக்கிறது? பெற்றோர் மறுக்கலாம், மறுப்பின் விலையைச் செலுத்துவது பத்து வயதுப் பிள்ளை.

மூன்றாம் விடை, முறைப்பாடு எழுந்ததும் அஞ்சி அனைத்தையும் அகற்றுவது. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில், லவுடன் கவுண்டியிலுள்ள ஒரு பாடசாலையில் நிதிக்காக நடைபாதைக் கற்கள் விற்கப்பட்டன. வாங்குவோர் தம் கல்லிற் பொறிக்கச் சின்னங்களைத் தெரிவு செய்யலாம். சிலர் சிலுவையைத் தெரிந்தனர். முறைப்பாடு வந்தது, சிலுவைக் கற்கள் மட்டும் பெயர்க்கப்பட்டன. வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர். 2004 இல் சமஷ்டி நீதிமன்றம் அவ்வகற்றலைப் பாரபட்சமெனக் கண்டது. ஒருவரின் முறைப்பாட்டைத் தீர்க்கப் புகுந்து மற்றொருவருக்கு அநீதி இழைத்த கதை இது. முன்கூட்டியே விதி வகுக்காதோர் பின்னர் கல்லைத்தான் பெயர்க்க நேரிடும்.

இந்நாட்டுக்கு இவ்வழக்குகள் அந்நியமல்ல. பிற சமயப் போதனையினின்று பிள்ளையை விலக்கிக்கொள்ளும் பெற்றோர் உரிமைக்காகவே மனச்சாட்சி வாசகம் கல்விச் சட்டத்திற் புகுந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வோர் ஆளுக்கும் உறுதி செய்கிறது. இவ்வுரிமை பாடசாலை வாயிலோடு நின்றுவிடுவதில்லை. நிதிக்குழுவின் அறைக்குள்ளும் செல்லும்.

ஆகவே செய்யத்தக்கன சில. நிதி திரட்டும் முறையையும் பொருளையும் முன்னரே பெற்றோர்க்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். சமயப் பொருளை விற்கும் பணி பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்படலாகாது. விரும்பும் பெரியோர் கடையமைத்து விற்கட்டும், அவ்வாய்ப்பு எல்லாச் சமயத்தார்க்கும் சமமாகத் திறந்திருக்கட்டும். குலுக்கலை ஏற்காதவர் நேரே நன்கொடையளிக்க வழி வேண்டும். விற்றோர், விற்காதோர் பட்டியல் எவர் முன்னும் வாசிக்கப்படலாகாது. முறைப்பாடு செய்தவரின் பெயரை வெளியிடாது, குறித்த நாளுக்குள் எழுத்தில் விடையளித்தல் வேண்டும்.

'இவ்வாறாயின் பாடசாலையின் பண்பாடு என்னாகும்?' என்று வினவுவோர் உளர். பண்பாடு பாடசாலையில் வாழட்டும். மாணவர் தத்தம் சமயத்தைப் பாடமாகக் கற்கின்றனர்; முஸ்லிம் பாடசாலைகள் றமழானில் விடுமுறை கொள்கின்றன. இவற்றை எவரும் பறிக்கவில்லை. பறிக்கப்படலாகாதது, விரும்பாத பிள்ளையின் கையில் பிறரது பக்தியை விலைச்சீட்டோடு கொடுக்கும் அதிகாரம் பாடசாலைக்கு இல்லை என்னும் எல்லையும்தான்.

இலவசக் கல்வி நிலவும் நாட்டில் அரச பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு நன்கொடைச் சதமும் மனமுவந்து வரவேண்டியது. முறைப்பாடு செய்யும் பெற்றோர் அப்பாடசாலையின் பகைவரல்லர். தம் பிள்ளையை அங்கேயே படிப்பிக்க விழைபவர். அடுத்த சீட்டுப் புத்தகம் அச்சகத்துக்குப் போகுமுன் அபிவிருத்திச் சங்கங்கள் அவரை அழைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, விதியை எழுதி வைக்கட்டும்.