வளைஞ்சா வேலைக்காகாதுங்க!

பீளமேடு பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், க்வாலிட்டி கன்ட்ரோலில் குப்பை கொட்டுகிறேன். (பஞ்சாலையில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல!)

120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து, எடை போட்டு, கவுன்ட் பார்ப்போம். 40-ம் நம்பர் நூலுக்குச் சராசரி 40 வந்தால் மட்டும் போதாது. ஏற்ற இறக்கம் எத்தனை சதவிகிதம் என்றும் பார்க்கவேண்டும். அது எகிறினால் திருப்பூரில் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். எங்களுக்கு போன் வரும்.

இந்தக் கணக்குக்காக 'ஆர்' கற்றுக்கொண்டேன். நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களில் உருவாக்கியது. காசு கிடையாது. (கோயமுத்தூர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்?)

கட்டளைகளை வேர்டில் அழகாக டைப் அடித்து, ஆர்-இல் ஒட்டினேன். எர்ரர்! மறுபடி ஒட்டினேன். எர்ரர்! அரை நாள் போச்சு. ட்ரெயினிப் பையன் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்ணா, வேர்டுலயா அடிச்சீங்க? அது மேற்கோள் குறியை வளைச்சுப் போடுமுங்க. ஆர்-க்கு நேரா இருக்கோணும். வளைஞ்சா வேலைக்காகாதுங்க. வரி ஆரம்பத்துல சின்ன எழுத்தையும் பெருசாக்கிரும். ஆர்-க்கு ரெண்டும் வேற வேறங்க."

கேட்காமலே உதவி செய்கிற சாஃப்ட்வேர் பொல்லாதது. எக்ஸெல் தேதியாக மாற்றித் தொலைத்ததால், சில மனித ஜீன்களின் பெயரையே 2020-ல் மாற்றவேண்டி வந்ததாம்!

பையன் ஆர்ஸ்டுடியோ போட்டுக்கொடுத்தான். அதிலேயே எடிட்டர் இருக்கிறது. வரிக்கு நம்பர் போடுகிறது. அடைப்புக்குறியை மூட மறந்தால் காட்டிக்கொடுக்கிறது. கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்துத் தட்டினால் அந்த ஒரு வரி மட்டும் ஓடுகிறது. ஹாஷ் குறி போட்டுக் குறிப்பும் எழுதலாம். ஆர் அதைக் கண்டுகொள்ளாது.

மூன்று மாதம் கழித்து ஒரு பார்ட்டி சண்டைக்கு வந்தார். "1.8 சதவிகிதம்னு ரிப்போர்ட் குடுத்தீங்க. எங்க டெஸ்ட்டுல 2.6 வருதுங்களே?"

பழைய நானாக இருந்தால், "என்னமோ எக்ஸெல்ல போட்டேன் சார்" என்று தலையைச் சொறிந்திருப்பேன். இப்போது ஃபைலைத் திறந்தேன். ஒன்பதாவது வரியில் ஹாஷ் போட்டு ஒரு குறிப்பு: 'விலகி நிற்கும் 4 ரீடிங் நீக்கப்பட்டது. சரக்கு இன்றே போகவேண்டும்.'

"யாருங்க தம்பி நீக்குனது?" என்றார் எம்.டி.

நான்தான்!

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 2.6. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதமுடியாது. ஆனால் அந்தப் பார்ட்டி இன்றும் எங்களிடம்தான் நூல் வாங்குகிறார்.

பையன் சொன்னது மேற்கோள் குறிக்கு மட்டுமல்ல போலிருக்கிறது!